படித்த கையோடு பதிவு: வசதிக்குப் பின்னால் ஒரு கடவுச்சொல்

இணையத்தில் ஒரு செய்தியைப் படிக்கிறோம். அதைப் பற்றி நம் வலைப்பதிவில் நாலு வரி எழுதத் தோன்றுகிறது. வேறு பக்கம் போய், உள்நுழைந்து, எழுதும் பெட்டி திறப்பதற்குள் சொல்ல வந்தது பாதி மறந்துவிடும். இந்த அலைச்சலைக் குறைக்க வந்தவைதான் பதிவெழுதும் உலாவி நீட்சிகள். அவற்றில் பெயர்பெற்றது ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த ஸ்கிரைப்ஃபயர். 2007-இல்தான் அதற்கு இந்தப் பெயர்; அதற்கு முன் பெர்ஃபார்மன்சிங்.

அந்நாளில் எஃப்8 விசையைத் தட்டினால் திரையின் கீழ்ப்பாதியில் எழுதும் பெட்டி விரியும். மேலே படிக்கும் பக்கம், கீழே எழுதும் இடம். மேற்கோளை எடுத்துப் போட்டு, இணைப்பும் குறிச்சொல்லும் சேர்த்து, வெளியிட்டுவிடலாம். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் கணக்கு வைத்திருப்பவர் ஒரே பெட்டியிலிருந்து இரண்டுக்கும் அனுப்பலாம். எழுதுகிறவரின் வேகம் அறிந்து செய்த கருவி அது.

இது எப்படி நடக்கிறது? வேர்ட்பிரஸ் தளங்களில் ‘எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஎச்பி’ என்றொரு கோப்பு உண்டு. தலைப்பு, உரை, பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் சேர்த்து நீட்சி அந்தக் கோப்புக்கு அனுப்பும். கோப்பு சரிபார்த்து, பதிவைச் சேமித்து, பதிவின் எண்ணைத் திருப்பித் தரும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் பயணிக்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்ப்பவர்களும் இதே கோப்பைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். அதனால் பல தளங்களில் இதை மூடியே வைத்திருக்கிறார்கள்.

2020 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.6 இதற்கு நல்ல வழி செய்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கடவுச்சொல் உருவாக்கிக் கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். முதன்மைக் கடவுச்சொல்லை எந்த நீட்சியிடமும் தர வேண்டியதில்லை.

இன்னொன்று, நீட்சியின் ஆயுள் உலாவியின் கையில் இருக்கிறது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாம் அதில் இயங்காமல் போயின. மாற்றி எழுத ஆளில்லாதவை அத்தோடு சரி.

ஆகவே புதிதாக ஒன்றை நிறுவுமுன், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். எழுதியதை நீட்சியின் வரைவுப் பெட்டியில் மட்டும் விட்டுவைக்காமல், உங்கள் கணினியிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.