பழுதான போனுக்குப் பொறுப்பு யார்?

இலங்கையில் கடையொன்றில் வாங்கிய கைத்தொலைபேசி பழுதானால், சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அதை விற்றவர். காசு வாங்கியவரும் அவர். ஒப்பந்தம் நடந்ததும் அவருடன். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு பொருளை வியாபாரமாக விற்பவர் கொடுப்பது விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, யாரும் எழுதி வைக்காவிட்டாலும், அந்தச் சட்டம் விற்பனைக்குள் சேர்த்துவிடுகிறது. விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. ஆகவே களவு போன போன் ஒன்று கடை வழியாகக் கைமாறினால், 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு சொல்லோடு கடைக்காரர் விலகிவிட முடியாது.

கடைக்காரர் சொல்லும் 'கம்பனியைக் கேளுங்கோ' என்ற பதில் வன்னியில் வாங்குபவருக்குப் பெரிய சுமை. கம்பனிகளின் அங்கீகரிக்கப்பட்ட திருத்தகங்களில் பெரும்பாலானவை கொழும்பையே சுற்றியிருக்கின்றன. முல்லைத்தீவில் வாங்கிய போன், மாங்குளம் வந்து ஏ9 வீதியால் தெற்கே போய்த் திரும்பும்வரை, பிள்ளையின் படிப்பும் வெளிநாட்டு உறவினரின் அழைப்பும் நின்றுபோகும். அனுப்பி எடுக்கும் வேலையைக் கடையே செய்யுமா என்பதை வாங்கும்போதே கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது நல்லது.

தயாரித்த கம்பனியின் பொறுப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று, அது எழுத்தில் தரும் உத்தரவாதம். இது பெரும்பாலும் ஒரு வருடம். மற்றையது, வடிவமைப்பிலேயே இருக்கும் குறை. 2016இல் சாம்சங் கலக்ஸி நோட் 7 போன்கள் பற்றரி சூடாகித் தீப்பிடித்தபோது, கம்பனி உலகெங்கும் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்ததால் அந்த ஒக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தியது. இரண்டு வழங்குநர்களின் பற்றரிகளில் வெவ்வேறு குறைகள் இருந்தன என்று 2017 ஜனவரியில் விளக்கமளித்தது. அதே ஆண்டு ஜூலையில், அந்தப் போன்கள் கொள்ளளவு குறைந்த புதுப் பற்றரியுடன் 'நோட் எஃப்இ' என்ற பெயரில் கொரியாவில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. மறுசீரமைப்பு என்பது இதுதான்: குறை எது என்று கண்டறியப்படுகிறது, அந்தப் பாகம் மாற்றப்படுகிறது, சோதித்தவர் தன் பெயரை வைத்துப் பொறுப்பெடுக்கிறார்.

கடைகளில் 'ரீஃபர்பிஷ்ட்' என்று சொல்லப்படும் எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. ஒருவர் பாவித்துவிட்டு விற்ற போனைத் துடைத்து, வெளிமூடியை மாற்றிப் பெட்டியில் போட்டாலும் அதே பெயர்தான் சொல்லப்படுகிறது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதும் புதுப் போன் பலருக்கு எட்டாத பொருளாயிற்று. விலை குறைந்த பாவித்த போனை வாங்குவதில் தவறு எதுவுமில்லை. ஆனால் யார் மறுசீரமைத்தார், எந்தப் பாகம் மாறியது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத போனைப் பாவித்த போன் என்றே கருதி விலை பேச வேண்டும். ஐபோனில் மாதிரி இலக்கம் எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்கப்பட்டது, எஃப் என்றால் அப்பிள் மறுசீரமைத்தது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. அண்மைக்கால ஐபோன்களின் 'செட்டிங்ஸ்' பகுதியில், மாற்றிய பற்றரியும் திரையும் அசலா என்பதும் தெரியும். முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாத ஐபோனை எந்தத் திருத்தகமும் முறையாகத் திறந்து தர முடியாது.

எந்தப் போனிலும் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பின்னர் அந்த எண் என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் கிடைக்கும். பதிவில்லாத புதுப் போன்கள் 2025 ஜனவரி இறுதியிலிருந்து வலையமைப்புகளில் இணைய முடியாது என்றும், முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் ஆணைக்குழு அறிவித்தது. இந்தச் சோதனையைக் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து உறவுகள் கொண்டுவரும் போனுக்கு உள்ளூரில் விற்றவர் என்று யாருமில்லை. கம்பனி உத்தரவாதமும் பல வேளை வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஒரே வலையமைப்புக்குப் பூட்டிய போன்களை விற்பதைக் கனடா 2017 டிசம்பரிலும் பிரித்தானியா 2021 டிசம்பரிலும் தடை செய்தன. அதற்கு முன் வாங்கியதென்றால், பூட்டைத் திறப்பித்து அனுப்பும்படி கேட்க வேண்டும்.

வீட்டில் சிக்னல் இல்லை, டேட்டா காரணமின்றிக் கரைகிறது என்றால் சிம் வேறொரு போனிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் அது வலையமைப்பின் பொறுப்பு. அவர்கள் கவனிக்காவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தில் முறையிடலாம். கீழே விழுந்து உடைந்ததும் தண்ணீர் புகுந்ததும் பாவித்தவரைச் சேரும். திருத்தக் கொடுத்த இடத்தில் புதிதாக ஒரு பழுது வந்தால், அது திருத்தியவரின் சேவைக் குறை.

கடையோ திருத்தகமோ மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நாடலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆறு மாத வொரண்டியை நம்பிக் கடைக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். அதிகாரசபை இரு தரப்பையும் விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ காசைத் திருப்பவோ கட்டளையிட முடியும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை; அதில் ஐஎம்இஐ எண்ணும் 'பாவித்தது' அல்லது 'மறுசீரமைத்தது' என்ற சொல்லும் இருந்தால் விசாரணையில் வாதம் குறையும். விளம்பரம் பார்த்து வீதியோரம் தனியாள் ஒருவரிடம் வாங்கிய போனுக்கு, தொடக்கத்தில் சொன்ன தரப் பாதுகாப்பு இல்லை. அத்தகைய பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் விற்றவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.