நற்பண்பின் பயிற்றுநர் (அலெக்சாந்திரியா கிளமெந்து)

நற்பண்பின் பயிற்றுநர் என்பது, மனிதருக்கு ஒழுக்கத்தைக் கற்பிக்கத் தகுதியுடையவர் யார் என்னும் கேள்விக்குத் தொடக்ககாலக் கிறித்தவ அறிஞரான அலெக்சாந்திரியாவின் கிளமெந்து (சு. 150 – சு. 215) அளித்த விடையைக் குறிக்கும். கிரேக்க மொழியில் அவர் எழுதிய 'பைதாகோகோஸ்' என்னும் நூலில் இக்கருத்து விரிவாக எடுத்துரைக்கப்படுகிறது. மூன்று பகுதிகளைக் கொண்ட இந்நூல் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அறிவைப் புகட்டுவதற்கு முன் நடத்தையைச் செம்மைப்படுத்த வேண்டும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

சொற்பொருள்

பண்டைய கிரேக்க இல்லங்களில் சிறுவரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வழியில் பாதுகாத்து, அவர்களது நடை, பேச்சு, உணவு முறை ஆகியவற்றைக் கண்காணித்த அடிமையே 'பைதாகோகோஸ்' எனப்பட்டார். எழுத்தும் இலக்கியமும் கற்பித்த ஆசிரியர் வேறொருவர். பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், மோசேயின் சட்டம் கிறிஸ்து வரும்வரை இத்தகைய கண்காணிப்பாளராக இருந்தது என்கிறார் (3:24). கிளமெந்து அதே பெயரைக் கடவுளின் வாக்காகிய கிறிஸ்துவுக்கே வழங்கினார். வீட்டு அடிமை ஒருவரின் பணிப்பெயரை மிக உயர்ந்த ஆசிரியருக்குச் சூட்டியது இக்கருத்தின் தனித்தன்மை ஆகும்.

பின்னணி

கிளமெந்து கிறித்தவத்தைத் தழுவிய பின் நல்லாசிரியர்களைத் தேடிக் கிரேக்கம், இத்தாலி, கிழக்கு நாடுகள் எனப் பல இடங்களுக்குப் பயணம் செய்தார். இறுதியில் எகிப்தில் தாம் தேடியவரைக் கண்டு அங்கேயே தங்கினார். அவ்வாசிரியர் பந்தேனு என்பது மரபு. பின்னர் கிளமெந்தும் அலெக்சாந்திரியாவில் கற்பித்தார். பேரரசர் செப்டிமியு செவேருவின் காலத்தில், சுமார் 202இல் நிகழ்ந்த துன்புறுத்தலின்போது அந்நகரை விட்டு வெளியேறினார்.

மூன்று படிகள்

கடவுளின் வாக்கு மனிதரிடம் மூன்று படிகளில் செயல்படுகிறது என்பது கிளமெந்தின் கருத்து. முதலில் அது பழைய வழக்கங்களை விட்டுவருமாறு அழைக்கிறது. அடுத்து, வந்தவரின் நடத்தையைப் பயிற்றுகிறது. இறுதியில் மறைபொருளை விளக்குகிறது. முதற்படிக்குரிய அவரது நூல் 'புரோட்ரெப்டிகோஸ்'. இரண்டாம் படிக்குரியது 'பைதாகோகோஸ்'. மூன்றாவது படிக்குரிய நூல் 'ஸ்ட்ரோமட்டா'தானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

இவ்வரிசைக்கு அவர் தரும் விளக்கம் மருத்துவம் சார்ந்தது. உடல்நலம் குன்றியவர் முதலில் குணமடைய வேண்டும். அதன் பிறகே கல்வி பயன் தரும். அதுபோல, ஆசைகளால் நோயுற்ற உள்ளத்துக்கு முதலில் தேவைப்படுவது விளக்கம் அன்று, சிகிச்சையே என்கிறார்.

பயிற்றுநரின் இலக்கணம்

*குற்றமற்றவர்.* புகழ்பெற்ற மாணவர்களைப் பெற்றிருந்த கிரேக்கப் பயிற்றுநர்களைக் கிளமெந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு குறை காண்கிறார். அக்கிலீசின் பயிற்றுநரான பீனிக்சு தாமே பெண்ணாசைக்கு அடிமைப்பட்டவர். லியோனிதாசால் அலெக்சாந்தரின் செருக்கைக் குறைக்க இயலவில்லை. அல்சிபியாதீசின் தீயொழுக்கத்தைச் சோப்பைரசால் தடுக்க இயலவில்லை. தம்மிடம் இல்லாததை எவரும் பிறருக்குத் தர முடியாது என்பதால், முற்றிலும் குற்றமற்ற கிறிஸ்துவே முழுமையான பயிற்றுநர் என அவர் முடிவு செய்கிறார்.

ஆயினும் மாணவரிடம் அதே நிறைவை அவர் எதிர்பார்ப்பதில்லை. சிறிதும் பாவம் செய்யாதிருத்தல் கடவுளுக்கே உரியது. அறிந்தே தவறு செய்யாதிருத்தல் ஞானியின் நிலை. அறியாமல் செய்யும் தவறுகளும் பெருகாதபடி காத்தல் நன்கு பயிற்சி பெற்றவரின் நிலை. தவறில் நெடுங்காலம் நிலைத்திராமல் மனம் திரும்புதல் கடைசிப் படி. இவ்வாறு தவறியவர்க்கும் இப்பயிற்சியில் ஓர் இடம் உண்டு.

*கண்டித்தாலும் அன்புடையவர்.* தண்டிக்கும் கடவுள் வேறு, அன்புள்ள கடவுள் வேறு என்ற மார்சியோனின் கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. இதனை எதிர்கொண்ட கிளமெந்து, நீதியும் நன்மையும் ஒரே கடவுளிடம் உள்ளன என்று வாதிட்டார். மருத்துவர் கசப்பு மருந்து தருவதும் அறுவை செய்வதும் நோயாளியின் மீதுள்ள பகையால் அன்று. அதுபோலப் பயிற்றுநரின் கண்டனமும் மாணவரின் நலனுக்காகவே எழுகிறது. பழிதீர்த்தல் அதன் நோக்கம் அன்று.

*அனைவருக்கும் பொதுவானவர்.* ஆணுக்கும் பெண்ணுக்கும் கடவுள் ஒருவரே, பயிற்றுநர் ஒருவரே, நற்பண்பும் ஒன்றே என அவர் தெளிவாகக் கூறுகிறார். மேலும், எளிய நம்பிக்கையாளரைச் சிறுபிள்ளைகள் என ஞானக் கொள்கையர் சிலர் தாழ்வாகக் கருதினர். அதற்கு மறுமொழியாக, இப்பயிற்றுநரின் முன் எல்லாரும் குழந்தைகளே என்றார்.

அன்றாட வாழ்வில் பயிற்சி

நூலின் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் உணவு, மது, பாத்திரம், சிரிப்பு, தூக்கம், காலணி, அணிகலன், குளியல் போன்றவற்றைப் பேசுகின்றன. வெள்ளிப்பூண் இல்லாத கத்தியும் நன்றாகவே வெட்டும். குயவர் செய்த விளக்கும் பொற்கொல்லர் செய்த விளக்கைப் போலவே ஒளி தரும் என்று அவர் வாதிடுகிறார். மனிதன் சிரிக்கும் இயல்புடையவன் என்பதற்காக எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குதிரையும் எப்போதும் கனைப்பதில்லை என்கிறார். முத்திரை மோதிரத்தில் புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் போன்ற உருவங்கள் இருக்கலாம் எனப் பரிந்துரைக்கிறார். இப்பகுதிகளில் ஸ்டோயிக்கு மெய்யியலாளர் முசோனியு ரூபுவின் தாக்கம் காணப்படுகிறது.

மதிப்பீடு

கிளமெந்தின் அறிவுரைகள் பெரும்பாலும் வசதி படைத்த நகரமாந்தரை நோக்கியவை. ஏராளமான அடிமைகளை வைத்திருக்கும் ஆடம்பரத்தை அவர் கண்டித்தார். எனினும் அடிமை முறையை ஒழிக்குமாறு கேட்கவில்லை. நற்பண்பில் ஆணும் பெண்ணும் சமம் என்றவர், உடை, ஒப்பனை ஆகியவற்றில் பெண்களுக்கு விரிவான கட்டுப்பாடுகளை விதித்தார்.

எனினும், பயிற்றுநர் முதலில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் தொடர்ந்தது. அவருக்குப் பின் அலெக்சாந்திரியாவில் கற்பித்த ஒரிகேன், பிற்காலத்தில் பாலத்தீனத்தின் செசாரியாவில் பணியாற்றினார். அங்கு அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் விடைபெறும்போது ஆற்றிய நன்றியுரை கிடைத்துள்ளது. மரபுப்படி அது கிரகோரி தௌமாதுர்குவின் உரையாகும். நற்பண்புகளைச் சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் கற்பித்தவர் என்று அவ்வுரை ஒரிகேனைப் போற்றுகிறது.