படைப்பாளியின் நாளும் நகரமும்: அன்றாட ஒழுங்கு, உடை, உடற்பேணல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

எழுத்தாளரும் கலைஞரும் எந்நேரம் துயிலெழுந்தனர், எதனை அருந்தினர், எவ்வாறு உடுத்தனர், தம் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு பேணினர் என்பன பற்றிய செய்திகள் வாசகரின் ஆர்வத்தை என்றுமே தூண்டி வந்துள்ளன. அண்மைக் காலத்தில் இவ்வார்வம் தனியொரு பதிப்புத்துறையாகவே வளர்ந்துள்ளது. இத்தகைய நூல்களிலே கலைஞனின் ஒருநாட் பொழுது வைத்தியரின் மருந்துச் சீட்டினைப் போல வாசகருக்கு வழங்கப்படுகின்றது. இந்நேரத்தில் எழுக, இத்தனை கோப்பை கோப்பி அருந்துக, இவ்வளவு தூரம் நடக்க. ஆக்கத்திறன் தானே கைகூடும் என்பது அவற்றின் உட்கிடையாகும்.

இவ்விடயத்தை அணுகுவோரிடையே இருவகைத் தவறுகளைக் காணலாம். கலைஞனின் பழக்கவழக்கங்களை அவனது மேதாவிலாசத்தின் வெளிப்பாடாக மட்டும் கொண்டு வியந்து நிற்பது ஒன்று. உடை, ஓய்வு, உடற்பேணல் ஆகியன பற்றிப் பேசுவதே பூர்ஷ்வா ஆடம்பரம் எனப் புறந்தள்ளுவது மற்றையது. இரண்டாவது தவறு சிலவேளைகளில் மார்க்சியத்தின் பெயராலேயே இழைக்கப்படுவதால் நாம் அதனைக் கூடிய கவனத்துடன் நோக்கவேண்டியவராகின்றோம். இவ்விரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. கலைஞனுக்குக் கிடைத்த அந்நேரம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதே அது. பாரிஸ், இலண்டன், பிராக் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்ந்த சில படைப்பாளிகளின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

படைப்பாளி நகரவாசியானமை வரலாற்றுச் செயற்பாடொன்றின் விளைவு. நிலப்பிரபுக்களின் ஆதரவை நம்பி வாழ்ந்த கலைஞன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சந்தையை நம்பி வாழத் தலைப்பட்டான். 1836 இல் எமில் த ஜிரார்தான் பாரிஸில் 'லா பிரெஸ்' நாளிதழைத் தொடங்கியபோது, ஏனைய இதழ்களின் ஆண்டுச் சந்தா 80 பிராங்காக இருக்க, தனது இதழின் சந்தாவை 40 பிராங்காகக் குறைத்தார். குறைந்த வருவாயை விளம்பரங்கள் ஈடுசெய்தன. விளம்பரம் தருவோருக்கு வாசகர் தொகை வேண்டியிருந்தது. வாசகரைப் பிடித்து வைத்திருக்கத் தொடர்கதை வேண்டியிருந்தது. பல்சாக்கின் நாவலொன்று அவ்வாண்டிலேயே அவ்விதழிற் தொடராக வெளிவந்தது. எழுத்தாளனின் நாளொழுங்கு அச்சகத்தின் நாளொழுங்குடன் பிணைக்கப்பட்ட காலகட்டம் இதுவாகும்.

பல்சாக் நள்ளிரவில் எழுந்து, துறவியின் அங்கியை ஒத்த வெள்ளாடை அணிந்து, கடுங்கோப்பியின் துணையுடன் விடியுமட்டும் எழுதியமை பலரும் அறிந்த செய்தி. இதனைப் படைப்பு வெறியின் அடையாளமாகவே வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் சித்திரிப்பர். ஆயின், 1828 இல் அவரது அச்சுத்தொழில் முறிவடைந்ததையும் அதன்பின் கடன் அவரைத் தொடர்ந்து வருத்தியதையும் இணைத்து நோக்குமிடத்து, அந்த இரவுகள் வேறொரு பொருளைப் பெறுகின்றன. கடன்காரரும் பதிப்பாளரும் பகலைப் பறித்துக்கொண்டபோது எஞ்சியிருந்தது இரவே.

அவர் அருந்திய கோப்பியும் தனியொருவரின் பழக்கம் என்ற எல்லையுள் அடங்குவதன்று. பூர்போன், மார்த்தினிக் ஆகிய தீவுகளின் கோப்பியை அவர் கலந்து அருந்தியதாக அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். இவ்விரண்டும் பிரெஞ்சுக் குடியேற்றங்கள். அங்கு அடிமைமுறை 1848 இலேயே ஒழிக்கப்பட்டது. பல்சாக் மறைந்தது 1850 இல். ஆகவே அவரது எழுத்து வாழ்வின் மிகப் பெரும்பகுதியில் அத்தீவுகளின் கோப்பி அடிமைகளின் உழைப்பினாலேயே விளைந்தது. இவ்விடத்தில் எமது நாட்டின் வரலாறும் நினைவுக்கு வருதல் இயல்பே. அதே காலப்பகுதியில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்து கோப்பித் தோட்டங்களில் உழைத்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கும்வரை இலங்கைக் கோப்பி இலண்டன் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தது. ஐரோப்பியக் கோப்பிக் கடைகளிலே நிகழ்ந்த இலக்கிய உரையாடல்களின் வரலாற்றை எழுதுவோர் இம்மனிதரையும் அவ்வரலாற்றின் பாத்திரங்களாகக் கொள்ளுதல் தகும்.

2

உடையும் தோற்றமும் இக்காலத்திலேயே படைப்பாளியின் தனி அடையாளங்களாயின. 1830 இல் பல்சாக் எழுதிய 'நாகரிக வாழ்வு' பற்றிய கட்டுரைத் தொடர் மனிதரை உழைப்போர், சிந்திப்போர், எதுவும் செய்யாதோர் என மூவகைப்படுத்துகின்றது. கலைஞனை அது இவ்வகைகளுக்குப் புறம்பான விதிவிலக்காகக் கருதுகின்றது. கலைஞன் சும்மாயிருப்பதும் தொழிலே என்பது அதன் வாதம். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. சிந்தனைக்கு வெறும்பொழுது தேவை. ஆனால் உழைப்போனுக்கு அவ்வெறும்பொழுது ஏன் மறுக்கப்படுகின்றது என்பதை அது கேட்கவில்லை.

போதலேர் இப்பிரச்சினையின் முரண்பாடுகளைத் தம் வாழ்க்கையிலேயே சுமந்தவர். 1842 இல் பராய வயதடைந்தபோது அவருக்குக் கிடைத்த தந்தைவழிச் சொத்து ஏறத்தாழ 100,000 பிராங். உடை, ஓவியங்கள், தளபாடங்கள் என ஈராண்டுகளில் அதில் ஏறக்குறைய அரைவாசியை அவர் செலவிட்டார். 1844 இல் குடும்பத்தினர் நீதிமன்றின் மூலம் சொத்தினை ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்க, அதன்பின் இறக்கும்வரை மாதப்படியை எதிர்பார்த்தே அவர் வாழ நேர்ந்தது. 1863 இல் வெளிவந்த 'நவீன வாழ்வின் ஓவியர்' என்னும் கட்டுரையில் உடையழகிற் கருத்தூன்றிய 'டான்டி' எனப்படும் மனிதனைப் பற்றி அவர் ஆராய்கின்றார். பிரபுத்துவம் முற்றாக வீழாமலும் ஜனநாயகம் முற்றாக நிலைபெறாமலும் இருக்கும் இடைக்காலங்களிலேயே இத்தகையோர் தோன்றுவர் என அவர் கருதியமை மனங்கொள்ளத்தக்கது. மார்க்சியவாதியல்லாத ஒரு கவிஞர் உடைப்பாணியொன்றை வர்க்க மாற்றத்தின் விளைவாகக் கண்டுகொண்டார் என்பதே அதன் முக்கியத்துவம்.

பாரிஸின் உலாத்தலும் அவ்வாறானதே. 1820களிலும் 1830களிலும் பெரும்பாலும் கட்டப்பட்ட, இரும்பும் கண்ணாடியும் வேய்ந்த கடைவீதிகளில் மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாது கலைஞன் உலவினான். வால்டர் பெஞ்சமின் இவ்வுலாவியைப் பற்றித் தமது இறுதி ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்தார். வேடிக்கை பார்க்கவென வீதிக்கு வந்த எழுத்தாளன் உண்மையிலே தனக்கொரு வாங்குவோனைத் தேடியே சந்தைக்கு வந்தான் என்பது அவரது கருத்தின் சாரம். சும்மா நடப்பதும் சரக்குத் தேடலாகிவிட்டது.

3

இலண்டனை நோக்குவோம். அன்ரனி ட்ரொலப் 1834 முதல் 1867 வரை தபாற் திணைக்களத்தில் பணியாற்றியவாறே நாவல்கள் எழுதியவர். அவர் எழுதிய நாவல்கள் 47. இலண்டனை அண்டிய வோல்தம் குறொஸ் என்னும் இடத்தில் வாழ்ந்த காலத்தில் நாள்தோறும் காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் மூன்று மணித்தியாலம் எழுதினார். அவர் மறைந்தபின் 1883 இல் வெளிவந்த தன்வரலாறு இதனைக் கூறுகின்றது. தொழிற்சாலையின் கால அளவை எழுத்துமேசைக்கு வந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஆயினும் அந்நூலில் உள்ள வேறொரு செய்தியே எமது விசேட கவனத்துக்குரியது. தம்மை உரிய நேரத்தில் எழுப்புவதற்காக வயதான குதிரைப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்ததாகவும், தமது வெற்றிக்கு அம்மனிதருக்கே மிகவும் கடன்பட்டிருக்கலாம் என்றும் ட்ரொலப் நேர்மையுடன் எழுதியுள்ளார். நாவலாசிரியர் எழுந்த நேரத்தை இலக்கிய வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது. அவருக்கு முன் எழுந்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார், அவரை எழுப்பியது யார் என்பதை எவரும் பதியவில்லை.

அதே இலண்டனில் கார்ல் மார்க்ஸும் வாழ்ந்தார். 1849 இல் அங்கு வந்த அவரது நாளொழுங்கின் நடுநாயகமாக விளங்கியது பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலை. 1852 பெப்ரவரியில் ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில், மேலங்கிகள் அடகில் இருப்பதால் வெளியே செல்ல முடியாதிருப்பதை அவர் தெரிவிக்கின்றார். டான்டிக்கு மேலங்கி அழகின் சின்னம். மார்க்ஸுக்கு அது வீதிக்கும் வாசிகசாலைக்கும் உரிய அனுமதிச் சீட்டு. ஏங்கல்ஸ் 1869 வரை மான்செஸ்டர் வணிக நிறுவனத்திற் செலவிட்ட பகல்களும், ஹெலன் டெமூத் அவ்வீட்டிற் புரிந்த இடையறாத வேலையும் இன்றி 'மூலதனம்' எழுதப்பட்டிருத்தல் அரிது. அந்நூலின் 1867 ஆம் ஆண்டு முதற்பாகத்தில் வேலைநாள் பற்றிய நீண்ட அதிகாரமொன்று உண்டு. பெண்களுக்கும் இளையோருக்கும் நெசவாலைகளில் வேலைநேரத்தைப் பத்து மணித்தியாலமாக வரையறுத்த 1847 ஆம் ஆண்டுச் சட்டத்தை மார்க்ஸ் அதிலே ஆராய்கின்றார். தொழிலாளியின் உறக்கம், உணவு, காற்று, வெயில் ஆகியன அவ்வதிகாரத்தில் அரசியற் பிரச்சினைகளாகின்றன. உடற்பேணலை ஆடம்பரமெனத் தள்ளுவோர் அதனை மீளப் படித்தல் நன்று.

4

இதுவரை கூறியவற்றில் உலாவியும் டான்டியும் ஆண்களாகவே இருந்தமை தற்செயலன்று. பாரிஸில் பெண்கள் காற்சட்டை அணிவதற்குப் பொலிசாரின் அனுமதி வேண்டுமென 1800 இல் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. 1831 இல் அந்நகருக்கு வந்த ஜோர்ஜ் சான்ட் ஆணுடையும் வலிய காலணிகளும் அணிந்து வீதிகளிலும் நாடக அரங்கின் மலிவான பகுதியிலும் தடையின்றி நடமாடினார். அவரது உடை அழகுணர்ச்சியின் விளைவென்பதிலும் சிக்கனத்தினதும் நகரத்தின்மீது கோரப்பட்ட உரிமையினதும் விளைவெனல் பொருந்தும்.

1929 இல் வேர்ஜீனியா வுல்ஃப் பெண் எழுதுவதற்கு ஆண்டுக்கு 500 பவுணும் தனக்கென ஓர் அறையும் வேண்டுமென வாதிட்டார். எழுத்தின் பொருளாதார அடிப்படையை இத்துணை வெளிப்படையாகக் கூறிய இலக்கியவாதிகள் சிலரே. ஆயின் வுல்ஃபின் காலைப்பொழுதுகள் எழுத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த அதே வீட்டின் சமையலறையில் நெலி பொக்ஸோல் என்னும் பணிப்பெண் 1916 முதல் 1934 வரை உழைத்தார். இருவரிடையே நிகழ்ந்த பிணக்குகள் வுல்ஃபின் நாட்குறிப்புகளிற் பரவலாகப் பதிவாகியுள்ளன. ஒருத்தியின் அறைக்கு மற்றொருத்தியின் அடுப்பங்கரை தேவைப்பட்டது. இது வுல்ஃபின் வாதத்தைப் பொய்ப்பிக்கவில்லை. அது முழுமை பெறுவதற்கு வீட்டுவேலையின் சமூக அமைப்பே மாறவேண்டும் என்பதை உணர்த்துகின்றது.

5

பிராக் நகரின் பிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். காலை எட்டு மணிமுதல் பிற்பகல் இரண்டு மணிவரை காரியாலயம், பின்னர் உறக்கம், திறந்த யன்னலருகே உடற்பயிற்சி, இரவில் எழுத்து. மரக்கறி உணவையும் உணவை நெடுநேரம் மெல்லும் முறையையும் அவர் கைக்கொண்டார். தன் உடலை இவ்வளவு கவனித்த அவ்வெழுத்தாளரிடம் பிறர் உடலைக் காணும் கண்ணும் இருந்தது. 1911 இல் அவரது குடும்பத்தினர் தொடங்கிய அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலையின் பெண் தொழிலாளரைப் பற்றி 1912 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவர் எழுதுகின்றார். வேலைநேரம் முழுவதும் எந்திரங்களின் உறுப்புகள் போல நோக்கப்படும் அப்பெண்கள், மாலை ஆறு மணிக்குத் தலைத்துணியை அவிழ்த்து, கைமாறிக் கைமாறி வரும் ஒரே தூரிகையால் உடைத்தூசியைத் தட்டி, கைகளை இயன்றவரை தூய்மைசெய்து, மீண்டும் பெண்களாகின்றனர்.

உடற்பேணலின் மிக ஆழ்ந்த பொருளை இவ்விடத்தே காண்கின்றோம் எனலாம். அந்நியமாக்கப்பட்ட உழைப்பிலிருந்து மனிதர் தம்மை மீட்டெடுக்கும் சில நிமிடங்கள் அவை. எழுத்தாளனின் உடற்பயிற்சியும் அப்பெண்களின் தூரிகையும் ஒரே தேவையின் இரு வடிவங்கள். வேறுபாடு, ஒருவனுக்கு அதற்கெனப் பிற்பகலும் அறையும் இருந்தமையும், ஏனையோர் ஒரு தூரிகைக்காகக் காத்து நின்றமையுமே.

6

2002 இல் அமெரிக்க அறிஞர் றிச்சார்ட் புளோரிடா, நகரங்களின் வளர்ச்சிக்கு உந்துசக்தியாகப் 'படைப்பாக்க வர்க்கம்' என்பதொன்றை முன்வைத்தார். விஞ்ஞானி, பொறியியலாளர், கலைஞர், வடிவமைப்பாளர் முதலியோர் இதில் அடங்குவர். அவர்களது காரியாலயங்களைத் துப்புரவு செய்வோரும் அவர்களுக்கு உணவு பரிமாறுவோரும் சேவை வர்க்கம் என வேறாக வைக்கப்படுகின்றனர். பல்சாக்கின் 1830 ஆம் ஆண்டுப் பாகுபாடு புதிய சொற்களில் மீண்டுள்ளது. தொழிலின் தன்மையைக் கொண்டு வர்க்கத்தை வரையறுக்கும்போது, ஒருவரின் ஓய்வு மற்றவரின் உழைப்பில் தங்கியிருக்கும் உறவு கண்ணுக்குப் புலப்படாது போகின்றது.

இப்பாகுபாடு எவ்வளவு போலியானது என்பதற்கு ஈழத்து இலக்கிய வரலாறே சான்று தரும். யாழ்ப்பாண நகரில் சிகையலங்கரிப்பு நிலையத்திற் தொழில் செய்தவர் டொமினிக் ஜீவா. பிறரின் முகத்தையும் முடியையும் பேணுவதையே பிழைப்பாகக் கொண்ட அவர் சிறுகதைகள் எழுதினார். 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். சாதி இழிவாக ஒதுக்கிவைத்த தொழிலினின்றும் ஓர் இலக்கிய இயக்கம் எழுந்தது. படைப்பாக்க வர்க்கம், சேவை வர்க்கம் என்னும் இரு பெட்டிகளில் அவரை எதிலே இடுவது?

எமது எழுத்தாளருட் பெரும்பாலோர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ பகல் முழுவதும் உழைத்தபின் இரவில் எழுதியவர்கள். அவர்களது நாளொழுங்கைப் பதிந்து வைப்பது பயனுள்ள ஆய்வுப்பணியாகும். அதனை மேற்கொள்வோர் எழுத்தாளர் மேசைக்கு வந்த நேரத்துடன், அவ்வேளையில் பிள்ளைகளை உறங்கவைத்தவர் யார், விடியலில் அடுப்பு மூட்டியவர் யார், அவர்களுள் எழுத விரும்பியும் எழுதாது போனவர் உளரா என்பனவற்றையும் உசாவியறிதல் வேண்டும். நன்கு உறங்கி, நன்கு உண்டு, விரும்பியவாறு உடுத்து, சிறிதுபொழுது சும்மாயிருக்கும் உரிமையைப் படைப்பாளியிடமிருந்து நாம் பறிக்க விரும்பவில்லை. ட்ரொலப்பை எழுப்பிய முதியவருக்கும் அவ்வுரிமை உண்டு என்பதே எமது வாதம்.