நான்காவது விசையை அழுத்தியது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் தகடு வெட்டும் பவர் பிரஸ்களில் இரண்டு பொத்தான்கள் வைப்பதுண்டு. ஒரு கையால் இரண்டையும் எட்ட முடியாத இடைவெளியில் அவை இருக்கும். இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரு கைகளும் பொத்தான்மேல் இருக்கும்போது டைக்கு அடியில் விரல் இருக்க வழியில்லை. இங்கே ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி ஒயர் உண்டு. எது அழுத்தப்பட்டது, எது அழுத்தப்படவில்லை என்பதில் இயந்திரத்துக்குக் குழப்பமே வராது.

வேலை முடிந்து வீட்டில் கார் பந்தயம் ஆட உட்காரும் இளைஞரின் கீபோர்டு அப்படிப்பட்டதல்ல. மேல் அம்புக்குறியையும் இடது அம்புக்குறியையும் பிடித்துக்கொண்டே ஸ்பேஸ்பாரைத் தட்டுகிறார்; பிரேக் விழவில்லை. விளையாட்டின் மீதும் கம்ப்யூட்டரின் வேகத்தின் மீதும் பழி போகிறது. கோளாறு பெரும்பாலும் கீபோர்டுக்குள் ஓடும் கம்பித்தடங்களில்தான் இருக்கிறது.

முழு அளவு கீபோர்டில் 104 விசைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தடம் போட்டால் உள்ளிருக்கும் சிப்புக்கு நூற்றுக்கு மேல் கால்கள் வேண்டும். அதனால் தடங்களைக் கிடையாகவும் நெடுக்காகவும் போடுகிறார்கள். 8 கிடைத்தடம், 16 நெடுக்குத்தடம் என்றால் 128 சந்திப்புகள் கிடைக்கின்றன. செலவானதோ 24 தடங்கள். விலை குறைந்த கீபோர்டைப் பிரித்தால் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். சிப் ஒவ்வொரு கிடைத்தடத்துக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பி, எந்த நெடுக்குத்தடத்தில் அது வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஒரு நொடிக்குள் இந்தச் சுற்று எத்தனையோ தடவை நடந்துவிடும்.

இரண்டு விசைகள் வரை சிக்கலில்லை. மூன்றாவது விரல் இறங்கும்போதுதான் வினோதம். முதல் கிடைத்தடத்தில் இரண்டு விசைகளை அழுத்தியிருக்கிறோம். அவற்றில் ஒன்றுக்கு நேர் கீழே, இரண்டாம் கிடைத்தடத்தில் இன்னொன்று. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள். இப்போது சிப் இரண்டாம் தடத்துக்கு மின்சாரம் அனுப்பினால், அது நேரே போவதோடு நிற்பதில்லை. மடை உடைந்த வாய்க்கால் தண்ணீர்போல, அழுத்தப்பட்ட விசை வழியாக முதல் தடத்துக்கு ஏறி, அங்கிருந்து மற்ற விசை வழியாக அடுத்த நெடுக்குத்தடத்துக்கும் பாய்ந்துவிடுகிறது. யாரும் தொடாத நான்காவது மூலை விசையும் அழுத்தப்பட்டதாகச் சிப்புக்குத் தெரிகிறது. இதைப் பேய் விசை என்றே சொல்கிறார்கள். உண்மை எது, பேய் எது என்று பிரித்தறியச் சிப்புக்கு வழியில்லை. ஆகவே இந்த நிலை வந்தால் மூன்றாவது விசையையே கணக்கில் எடுக்காமல் விடும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுகிறார்கள். தவறான எழுத்து விழுவதைவிட எழுத்தே விழாமல் இருப்பது மேல் என்பது தட்டச்சு செய்பவரை மனத்தில் வைத்து எடுத்த முடிவு, சரியான முடிவும்கூட. ஷிஃப்ட், கண்ட்ரோல் விசைகளை மட்டும் இந்தச் சிக்கலில் மாட்டாத தடங்களில் ஒதுக்கி வைப்பார்கள்.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே போகும், பேய் ஒழிந்தது. விளையாட்டுக்கென்று விற்கும் விலையுயர்ந்த பல கீபோர்டுகளில் இது உண்டு. அதற்கப்புறமும் ஒரு வாசல் இருக்கிறது. யுஎஸ்பி கீபோர்டின் அடிப்படைச் செய்தி 8 பைட். ஷிஃப்ட் வகை விசைகள் எட்டுக்கும் சேர்த்து ஒரு பைட், சும்மா ஒதுக்கியது ஒன்று, மிச்சமுள்ள ஆறு பைட்டில் ஆறு விசைகள். அதற்கு மேல் அனுப்ப வேறு வடிவச் செய்தி வேண்டும்.

ஆறு என்ற எண் பூந்தமல்லியில் வேறு அர்த்தம் பெறுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த ஊரில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பிரெய்லின் ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். 1951-இல் வந்த பெர்க்கின்ஸ் பிரெய்லர் எந்திரத்தில் புள்ளிக்கொரு விசை. ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளைச் சேர்த்தே அழுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் அதே வேலையை எஃப், டி, எஸ், ஜே, கே, எல் விசைகள் செய்யும். அதற்கான மென்பொருள்கள் உண்டு. அதே 1951-இல் இந்திய மொழிகளுக்கென்று ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லின்படி ‘த’ எழுத 2, 3, 4, 5 புள்ளிகள், அதாவது நான்கு விரல்கள் ஒன்றாக இறங்க வேண்டும். கீபோர்டு மூன்றாம் புள்ளியை விழுங்கினால் அது ‘ஜ’. இரண்டாம் புள்ளியை விழுங்கினால் ‘ஆ’. ஐந்தாவது போனால் ‘ஸ’. விளையாடுபவர் ஒரு பந்தயத்தில் தோற்கிறார்; இங்கே சரியாக எழுதிய மாணவியின் விடைத்தாளில் பிழை ஏறுகிறது, அதைச் செய்தது தன் விரல் அல்ல என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

தடங்களின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் எந்த விசைகள் சேர்ந்து விழும் என்பதைப் பெரும்பாலும் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கு வாங்குபவர்கள் கடையிலேயே நோட்பேடைத் திறந்து அந்த ஆறு விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கலாம். கடைசி எழுத்து திரும்பத் திரும்ப விழும். அதை விட்டுவிட்டு, ஆறு வெவ்வேறு எழுத்துகளும் வந்தனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.