கேம் விளையாடுறது சரி... கேம் உருவாக்குறதை நம்பி வேலையை விடலாமா? ஒரகடத்திலிருந்து ஒரு கேள்வி!

காலை 6.30 மணி. சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. நைட் ஷிப்ட் முடித்து, கழுத்து ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்களில் என் சித்தி மகனும் ஒருவன். வயது 21. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான்.

டீ சொல்லிவிட்டு மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, கேம் டெவலப்மென்ட் கோர்ஸ்ல சேரலாம்னு இருக்கேன். ஒரு வருஷம். ரெண்டரை லட்சம் ஃபீஸ். வேலையை விட்டுட்டுத்தான் படிக்கணும்."

வீட்டுக்குப் போனால் சித்தி பீரோவிலிருந்து ஆரத்தை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். "இதை பேங்க்ல வெச்சா பணம் கிடைச்சிடும். ஆனா ராத்திரியெல்லாம் போன்ல விளையாடுறதுக்கு இவன் சொல்ற சாக்கா இது, இல்ல நெஜமாவே இப்படி ஒரு வேலை இருக்கா? நீ பத்திரிகையில இருக்க. விசாரிச்சு சொல்லு கண்ணு."

சித்தியின் கேள்வி பல வீடுகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்விதான். விசாரித்ததை அப்படியே உங்கள் முன்பும் வைக்கிறேன்.

பாம்பு விளையாட்டும் நம்ம ஊரும்

இந்த ஊருக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு ஆடியது நினைவிருக்கிறதா? 1997-ல் நோக்கியா 6110 மாடலுக்காக அதை எழுதியவர் பின்லாந்தைச் சேர்ந்த டனேலி அர்மான்டோ என்ற இன்ஜினீயர். பிறகு அந்தப் பாம்பு, நோக்கியாவின் சாதாரண பட்டன் போன்கள் பலவற்றில் இடம்பிடித்தது.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே போன்களைச் சேர்த்தார்கள். போன் நம்ம ஊர்க் கைகளில் உருவானது. உள்ளே ஓடிய விளையாட்டு வேறு ஊரிலிருந்து வந்தது. இன்று இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. அதில் ஓடும் கேம்களும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றது. ஆகவே, "கம்பெனி வேலைதான் பாதுகாப்பு, கேம் என்பது சூதாட்டம்" என்று ஒரே வரியில் தம்பியின் வாயை அடைத்துவிட முடியாது.

முதலில், ரம்மி வேறு... இது வேறு!

"ஆன்லைன் கேமைத்தான் தடை பண்ணிட்டாங்களே?" என்று சித்தப்பா கேட்டார். தடை செய்யப்பட்டது பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. பணம் கட்டாத விளையாட்டுகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

எனவே, கேம் உருவாக்குவது சட்டப்படி சுத்தமான தொழில். ஆனால், பணம் வைத்து ஆடும் ஆப்களை நடத்திய நிறுவனங்களில் வேலை பார்த்த புரோகிராமர்களும் டிசைனர்களும் அந்தச் சட்டத்துக்குப் பிறகு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அனுபவமுள்ள அவர்களும் புதிதாக வருகிறவர்களோடு அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இது விளையாடுகிற வேலை அல்ல

ஒரு கேமுக்குப் பின்னால் பல வேலைகள் இருக்கின்றன. விதிகளை யோசிப்பவர் டிசைனர். அதை இயங்க வைப்பவர் புரோகிராமர். ஆட்களையும் வண்டிகளையும் கட்டடங்களையும் கம்ப்யூட்டரில் செய்பவர் 3டி ஆர்ட்டிஸ்ட். அசைய வைப்பவர் அனிமேட்டர். ஒலி சேர்ப்பவர் தனி. வெளியிடும் முன் தப்பு எங்கே என்று தேடுபவர் டெஸ்டர். டெஸ்டர் வேலையைத்தான் பலரும் "சம்பளம் வாங்கிக்கிட்டு விளையாடுற வேலை" என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே கதவை நூறு விதமாகத் திறந்து பார்த்து, எப்போது சிக்குகிறது என்று எழுதித் தர வேண்டும். ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் செய்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தம்பியிடம் "இதில் நீ எது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கோர்ஸ் நோட்டீஸில் எல்லாமே இருந்தது. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

வேலை எங்கே இருக்கிறது?

இந்தியாவில் பெரிய கேம் ஸ்டூடியோக்கள் அதிகம் இருப்பது பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பையில். ஜிடிஏ கேமைத் தயாரிக்கும் ராக்ஸ்டாருக்கு பெங்களூருவில் ஸ்டூடியோ இருக்கிறது. யுபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும் இருக்கிறது. இஏ ஹைதராபாத்தில். 1997-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், ஃபோர்ஸா கார் ரேஸ் கேம்களுக்கு 3டி வேலை செய்து பெயர் வாங்கியது. 2019-ல் அதை ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. இந்தியாவில் நடக்கும் வேலையில் பெரும் பகுதி இப்படி வெளிநாட்டு கேம்களுக்கான ஆர்ட், டெஸ்டிங் போன்றவைதான். ஆக, இந்த வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஊரை விட்டுக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

அங்கேயும் காற்று பலமாக அடிக்கிறது. 2024-ன் முதல் இரண்டு மாதங்களை மட்டும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது. சோனி பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரைக் குறைத்தது. கேம் உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனமே சுமார் 1,800 பேரை வெளியே அனுப்பியது. கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் அமர்ந்து ஆடியபோது தாராளமாக ஆள் எடுத்தார்கள். பிறகு அந்த வேகம் குறைந்தது. இப்போது படம் வரைவதிலும் கோடு எழுதுவதிலும் ஏஐ வந்துவிட்டதால், தொடக்க நிலை வேலைகளுக்குப் போட்டி இன்னும் கூடியிருக்கிறது.

இட்லி செய்து ஜெயித்த கேம்

"சொந்தமா கேம் பண்ணலாமே அக்கா" என்றான் தம்பி. பண்ணலாம். 2023 ஜூலையில் வெளியான 'வெண்பா' ஒரு நல்ல உதாரணம். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு என்று சமைத்தபடியே கதை நகரும். துப்பாக்கியும் கிடையாது, ரேஸும் கிடையாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கிய இந்த கேம், 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதை வென்றது. அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதன்மைப் பரிசையும் வாங்கியது. நம் வீட்டுச் சமையலறையை உலகமே விளையாடியது என்பது பெருமைதான்.

ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டினால் போதும். விற்பனையில் பொதுவாக 30 சதவிகிதம் அவர்களுக்கு. நுழைவது சுலபம் என்பதால் 2024-ல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் அங்கே வந்து விழுந்தன. அதில் பலவற்றை யாருமே கவனிக்கவில்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழு 2020-ல் வெளியிட்ட 'ராஜி' இன்று இந்திய கேம்களில் முக்கியமான பெயர். அந்தக் குழு பொதுமக்களிடம் நிதி திரட்ட எடுத்த முயற்சி முதலில் தோல்வியில்தான் முடிந்தது. அடகு வைத்த ஆரத்துக்கு மாதா மாதம் வட்டி ஏறும். சொந்த கேம் மாதா மாதம் சம்பளம் தராது.

ஃபேக்டரிக்குள் நுழைந்த கேம் மென்பொருள்

கேம் உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருளை கேம் இன்ஜின் என்கிறார்கள். கேம் ஆடுகிறவர் திரும்பிய பக்கமெல்லாம் அந்த நொடியிலேயே காட்சியைக் காட்டுவது இதன் திறமை. யூனிட்டி, அன்ரியல் இரண்டும் பிரபலமானவை. போகிமான் கோ உருவானது யூனிட்டியில்.

இந்தத் திறமை கார் கம்பெனிகளுக்கும் தேவைப்படுகிறது. 2022 ஜனவரியில், சிங்கப்பூரில் தான் கட்டும் தொழிற்சாலையைக் கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக உருவாக்க யூனிட்டியுடன் கைகோப்பதாக ஹூண்டாய் அறிவித்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் அதே ஹூண்டாய்தான். இதை டிஜிட்டல் ட்வின் என்கிறார்கள். ஒரு மெஷினை இடம் மாற்றினால் லைன் எப்படி ஓடும் என்பதை, உண்மையான லைனை நிறுத்தாமலேயே பார்த்துவிடலாம். அதே 2022-ல், தன் கார்களின் டேஷ்போர்டு திரைகளுக்கு அன்ரியல் இன்ஜினைப் பயன்படுத்தப் போவதாக மஹிந்திரா அறிவித்தது. அதன் ஆராய்ச்சி மையம் இருப்பது செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்.

வெல்டிங் பயிற்சி, பாதுகாப்புப் பயிற்சி, கார் ஷோரூம், கட்டட வடிவமைப்பு என்று இந்த மென்பொருளுக்கு இப்போது பல வாசல்கள். இங்கேதான் தம்பி மாதிரிப் பையன்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பட்டனைத் தட்டி 3டி செய்யப் பலருக்குத் தெரியும். அசெம்ப்ளி லைன் எங்கே சிக்கும், கன்வேயர் நின்றால் என்ன ஆகும் என்பது ஷிப்ட் பார்த்தவனுக்குத்தான் தெரியும். டிராயிங் படிக்கத் தெரிந்த டிப்ளமோக்காரர் இதைக் கற்றுக்கொண்டால், கேம் ஸ்டூடியோ வேலை கிடைக்காவிட்டாலும் படிப்பு வீணாகாது. இதற்கும் தானாக வேலை வந்துவிடாது. ஆனால், தட்டிப் பார்க்கக் கதவுகள் கூடும்.

பணம் கட்டும் முன் 5 விஷயங்கள்

* முதலில் ஒரு கேமை முடியுங்கள்: கோடோ என்ற கேம் இன்ஜின் முழுக்க இலவசம். யூனிட்டியிலும் கற்பவர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு. 3டி செய்ய பிளெண்டர் இலவசம். 2025-ல் ஆஸ்கர் வென்ற 'ஃப்ளோ' அனிமேஷன் படம் பிளெண்டரில் உருவானதுதான். மூன்று மாதத்தில் ஒரு குட்டி கேமை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆரம்பிப்பது எல்லோராலும் முடியும்; முடிப்பதுதான் தகுதி.

* ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்: கோடா, ஆர்ட்டா, டெஸ்டிங்கா? கோடு என்றால் கணக்கும் பிசிக்ஸும் அவசியம். ஆர்ட் என்றால் கையால் வரையும் பழக்கம் உதவும்.

* இன்ஸ்டிட்யூட்டில் கேள்வி கேளுங்கள்: '100% வேலை உறுதி' என்ற விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். போன பேட்ச் மாணவர்களில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்களிடம் பேசலாமா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

* செய்ததைக் காட்டுங்கள்: இந்தத் துறையில் சான்றிதழைவிட நீங்கள் செய்து வைத்திருக்கும் வேலைக்குத்தான் மதிப்பு. இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாக கேமை வெளியிடலாம். சில நாள்களுக்குள் ஒரு கேமை முடிக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளில் கலந்துகொண்டால் ஆள் பழக்கமும் கிடைக்கும்.

* மாணவர்கள் கவனிக்க: பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படிப்பவர்கள் 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்னென்ன பயிற்சிகள் இருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள்.

ஆரம் என்ன ஆனது?

நான் தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான். "கத்துக்கோ. ஆனா வேலையை விடாதே, ஆரத்தை வைக்காதே. ஒரு கேமை முடிச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்." முகம் சுருங்கிவிட்டது. ரெண்டு வாரம் எனக்கு போனே இல்லை.

தீபாவளி போனஸில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினான். நைட் ஷிப்ட் இல்லாத வாரங்களில் உட்கார்ந்தான். நான்காவது மாதம் கூப்பிட்டான். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒரு பையன். குறுக்கே வரும் லாரி, மாடு, மழைத் தண்ணீர். ஒரே லெவல்தான். ஆனால், முடித்திருந்தான்.

முதலில் ஆடிப் பார்த்தது சித்தி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முறை பஸ்ஸைத் தவறவிட்டார். "ஏன்டா, பஸ் இவ்ளோ வேகமாப் போகுது? ஏறவே முடியல." தம்பி சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து 'பஸ் வேகம் குறைக்கணும்' என்று எழுதிக்கொண்டான்.

இன்னும் அதே கம்பெனிக்குத்தான் போகிறான். அடுத்து, தான் வேலை பார்க்கும் லைனையே 3டி-யில் செய்து பார்க்கப் போவதாகச் சொல்கிறான். கோர்ஸில் சேருவதா வேண்டாமா என்பதை அதை முடித்த பிறகு முடிவு செய்வானாம். ஆரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.