காவிரி வண்டலும் கடைமடை வயலும்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் வயல்கள் பெரும்பாலும் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனவை. அந்த வண்டல் வரத்து இப்போது குறைந்துவிட்டது. இதனால் முதலில் பாதிக்கப்படுவது கடலோரக் கடைமடை நிலங்களே. ஆகவே, வண்டல் எப்போது, எப்படிக் கடலுக்குச் செல்கிறது என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் நல்லது.

வண்டல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது ஆடி, ஆவணி மாதங்களில் ஆற்று நீர் பழுப்பு நிறமாகக் கலங்கி வரும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் பெய்யும் மழை, வயல் மண்ணையும் வடிகால்கள் வழியே அரித்துச் செல்லும். மாசி முதல் வைகாசி வரை ஆறு வறண்டு கிடக்கும். ஆக, ஓராண்டின் வண்டலில் பெரும்பகுதி வெள்ளம் ஓடும் சில வாரங்களிலேயே கடலைச் சேர்ந்துவிடுகிறது.

நீரின் வேகம் குறையும் இடத்தில் முதலில் பருமணல் தங்கும். அடுத்து நுண்மணல் தங்கும். களித் துகள்கள் மட்டும் கழிமுகம் வரை மிதந்து செல்லும். அங்கே உப்பு நீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியும். கலங்கல் நீரில் படிகாரம் இட்டால் மண் அடியில் தங்குவதைப் போன்றதே இது. பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் இத்தகைய சேற்றில்தான் வேரூன்றி நிற்கின்றன. கடலில் கலந்த வண்டலைக் கரையோர நீரோட்டம் இழுத்துச் செல்லும். வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் ஓடும். தெற்கே செல்வதில் ஒரு பகுதி கோடியக்கரையைத் தாண்டிப் பாக் விரிகுடாவில் படிகிறது.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை டெல்டாவின் பாசனத்துக்கு உறுதி தந்தது. ஆனால், தேங்கிய நீரில் வேகம் இல்லாததால் வண்டலில் பெரும்பகுதி அணையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கால்வாய்க்கு வருவது பெரிதும் தெளிந்த நீரே. 2018 ஆகஸ்டில் வந்தது போன்ற பெருவெள்ளக் காலங்களில் உபரி நீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்விடுகிறது. அதில் வரும் வண்டலும் வயலில் பரவுவதில்லை.

ஆற்றில் நன்னீர் ஓட்டம் குறையும் கோடை மாதங்களில் கடல் ஓதம் முகத்துவாரத்தின் வழியே உள்ளே ஏறுகிறது. ஆற்று மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்துள்ள இடங்களில் உப்பு நீர் மேலும் தொலைவு புகும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தாலும் இதே விளைவுதான்.

கடைமடை விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. கோடையில் மண்ணையும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொள்ளவும். உவர் நிலமா, களர் நிலமா என்று தெரியாமல் ஜிப்சம் இடுவது வீண் செலவு. ஜிப்சம் களர் நிலத்துக்கே ஏற்றது. உவர் நிலத்தில் மழை நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிப்பதே வழி. வடிகால் தூர்ந்திருந்தால் இது பலிக்காது.

2. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45-ஆம் நாளில் மடக்கி உழவும். வண்டலோடு வந்த அங்ககச் சத்தை இது ஓரளவு ஈடு செய்யும்.

3. மணற்பாங்கான நிலத்துக்கு ஏரி, குளத்து வண்டலை இடலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுக்க வேண்டும். கடலுக்கு அருகிலுள்ள குளமானால் அந்த வண்டலில் உப்பு உள்ளதா என்று முதலில் பரிசோதிக்கவும்.

4. உப்பைத் தாங்கும் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல் இரகங்களில் பட்டத்துக்கும் நீர் வசதிக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கவும்.

முன்பு வெள்ளம் தானே கொண்டுவந்து கொடுத்ததை இனி விவசாயிதான் தேடி இட வேண்டியுள்ளது. நிலம் உவர்ப் பூத்த பிறகு சீர்திருத்துவதைவிட, உப்பு ஏறாமல் காப்பதற்குச் செலவு குறைவு. கோடை உழவுக்கு முன்பே மண் மாதிரி எடுத்து, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துப் பரிசோதித்துப் பயன் பெறலாம்.