பாட்டன் செய்த கிடார்

புதிய சாமான் ஒன்று வீட்டுக்கு வந்ததும், "அந்தக் காலத்துச் சாமான் போல வருமா?" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதும், இளைஞர்கள் சிரிப்பதும் வழக்கம். ஆனால் அமெரிக்காவில் புகழ்பெற்ற கிடார்த் தொழிற்சாலை ஒன்று பெரியவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதுவும் தன் சொந்தச் சரக்கைப் பற்றி!

ஜெர்மனியில் பிறந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் என்பவர் 1833-ல் நியூயார்க்கில் குடியேறி, கிடார் செய்யத் தொடங்கினார். சில வருஷங்களில் பென்ஸில்வேனியாவிலுள்ள நாஸரெத் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய சந்ததியார் 1931 முதல் பெரிய உடல் கொண்ட ஒருவகைக் கிடாரைத் தம் பெயரிலேயே விற்றனர். அதற்கு 'டிரெட்நாட்' என்று பெயர். பிரிட்டிஷ் யுத்தக் கப்பல் ஒன்றின் பெயர் அது. 'எதற்கும் அஞ்சாதது' என்று பொருள். அவ்வகையில் தலைசிறந்தது 'டி-28'.

அதன் நாதத்தின் ரகசியம் வெளியில் தெரியாத இடத்தில் இருந்தது. கிடாரின் மேற்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. ஆறு எஃகுத் தந்திகளும் அதை 70, 80 கிலோ பலத்துடன் இழுக்கின்றன. பலகை வளையாதிருக்க, உட்புறத்தில் பெருக்கல் குறிபோல் கட்டைகளை ஒட்டுவார்கள். கட்டை கனத்தால் பலகை பிழைக்கும். ஆனால் நாதம் அடங்கும். அந்நாளைய தொழிலாளிகள் கட்டைகளை இடையிடையே குடைந்து மெலிதாக்கினார்கள். பலகை தாராளமாக அதிர்ந்தது. கீழ் ஸ்தாயி கம்பீரமாக ஒலித்தது.

வாசிப்பவர்களோ கனமான தந்திகளைப் பூட்டினார்கள். பலகைகள் புடைத்தன. ஆகவே 1944-ன் இறுதியில் கம்பெனியார் கட்டைகளைக் குடைவதை நிறுத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மீன்முள் போன்ற ஓர அலங்காரமும், யுத்தம் முடிந்த சிறிது காலத்தில் கையிருப்புத் தீர்ந்து மறைந்தது. புதிய கிடார் உறுதியாக இருந்தது. பழைய குரல்தான் இல்லை.

காதுள்ளவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பழைய 'மீன்முள்' கிடார்களுக்குக் கிராக்கி ஏறியது. கிளாரன்ஸ் ஒயிட் என்ற வித்வான் வாசித்த 1935-ம் வருஷத்து டி-28 ஒன்றை, அவர் மறைந்த பிறகு, 1975-ல் டோனி ரைஸ் என்பவர் தேடி வாங்கினார்; பல ஆண்டுகள் அதையே வாசித்துப் பெயர் பெற்றார்.

கடைசியில் 1976-ல் மார்ட்டின் கம்பெனி, குடைந்த கட்டைகளுடனும் மீன்முள் அலங்காரத்துடனும் 'எச்டி-28' என்ற கிடாரை வெளியிட்டது. பாட்டன் கைவேலையிடம் பேரன் பாடம் கேட்டான் என்று சொல்லலாம். பிற்காலத்தில் இன்னும் ஒருபடி போய், பழையபடி மிருகத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள். பிராணவாயு குறைந்த அடுப்பில் பலகையைப் பக்குவப்படுத்தி, புதிய மரத்துக்கு முதுமையையும் ஊட்டினார்கள்.

ஆயினும் ஒன்று மட்டும் மீளவில்லை. பழைய டி-28-ன் முதுகும் பக்கங்களும் பிரேஸில் தேசத்து ரோஸ்வுட் மரம். அது அருகிப் போகவே, 1969-ல் கம்பெனியார் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அது வேறொன்றுமல்ல, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரந்தான்! 1976-ல் மறுபிறவி எடுத்த கிடாரின் உடலும் நம் ஈட்டியே. பிரேஸில் மரத்தின் சர்வதேச வியாபாரம் 1992-ல் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கப்பட்டது. மாற்றாக வந்த ஈட்டியும் அதன் இனத்து மற்ற மரங்களும் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மறந்த கைவேலையைத் திரும்பக் கற்றுக்கொள்ளலாம். பழைய கிடார் ஒன்றைத் திறந்து பார்த்தால் போதும். அழிந்த காட்டை எந்தக் கிடாரைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்வது? பழைய நாதம் வேண்டுமென்று உலகம் கேட்கிறது. நம் மலையில் இன்று நிற்கும் ஈட்டிக் கன்று முதிர்ந்தால்தான், நம் பேரர்களின் காதுக்கும் அந்த நாதம் எட்டும்.